கோழிக்கும் தடுப்பூசியா? லூயி பாஸ்டரும் பிழைத்துக்கொண்ட கோழிகளும்

பறவைக் காய்ச்சல்னு செய்தி வந்தா முதல்ல நமக்கு என்ன தோணும்? முட்டை விலை ஏறுமா? கோழிச் சோறு கிடைக்குமா?

2004 ஆகஸ்ட்டில் அந்தக் கேள்விகள் இங்கேயும் எழுந்தன. மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் கோழிகளிடம் எச்5என்1 கிருமி இருப்பது உறுதியானது. சிங்கப்பூர் உடனே மலேசியாவிலிருந்து வரும் கோழி, முட்டை இறக்குமதியை நிறுத்தி வைத்தது.

அப்போது பலர் கேட்ட இன்னொரு கேள்வி, இன்றைக்கும் கேட்கும் கேள்வி இதுதான்: மனிதர்களுக்குப் போடுற மாதிரி கோழிகளுக்கும் தடுப்பூசி போட்டுட்டா பிரச்சினை தீர்ந்துடுமே?

ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய உலகின் முதல் தடுப்பூசியே கோழிகளுக்குத்தான் போடப்பட்டது, தெரியுமா?

அதை உருவாக்கியவர் லூயி பாஸ்டர். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் பால் பொட்டலத்தில் 'பாஸ்டரைஸ்டு' என்று போட்டிருக்கிறதே, அதே பாஸ்டர்தான்.

அவர் கையாண்டது பறவைக் காய்ச்சல் அல்ல. கோழிக் காலரா என்ற வேறொரு நோய். ஆனாலும், தடுப்பூசி ஒரு கோழிக் கூட்டத்தை எப்படிக் காக்கிறது, எங்கே அது போதாமல் போகிறது என்ற இரண்டுக்கும் அவர் வாழ்க்கையில் விடை இருக்கிறது.

தோல் பதனிடுபவரின் மகன்

பாஸ்டர் 1822 டிசம்பர் 27ஆம் தேதி பிரான்சின் கிழக்கே உள்ள டோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா, நெப்போலியன் படையில் இருந்தவர். பிறகு தோல் பதனிடும் தொழில் செய்தார். குடும்பம் பக்கத்தில் உள்ள அர்புவா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது.

பள்ளியில் பாஸ்டர் மேதை என்று பெயர் வாங்கியவர் இல்லை. அவருக்கு நன்றாக வந்தது ஓவியம். அப்பா, அம்மா, ஊர்க்காரர்கள் என்று பலரையும் வரைந்தார். ஒன்றை உற்றுப் பார்க்கும் பழக்கம் அங்கேயே தொடங்கியது.

1843இல் பாரிசின் புகழ்பெற்ற எக்கோல் நார்மால் கல்லூரியில் சேர்ந்தார். படித்தது வேதியியல். அதாவது, அவர் டாக்டரும் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. பின்னாளில் மருத்துவர்கள் பலர் அவரை ஏற்றுக்கொள்ளத் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

1849இல் மரி லோரானைத் திருமணம் செய்துகொண்டார். மரி வீட்டைக் கவனித்ததோடு நிற்கவில்லை. கணவர் சொல்லச் சொல்ல ஆய்வுக் குறிப்புகளை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

அவர்களுக்கு 5 பிள்ளைகள். மூன்று பெண் பிள்ளைகள் சிறு வயதிலேயே இறந்துவிட்டனர்: 1859இல் மூத்த மகள், 1865இல் இரண்டு வயதுக் குழந்தை, 1866இல் இன்னொரு மகள். இருவரைக் கொண்டுபோனது டைபாய்டு. அந்தக் காலத்தில் டைபாய்டு எதனால் வருகிறது என்றுகூட யாருக்கும் தெரியாது.

நோய்க்குக் காரணம் கெட்ட காற்று, உடம்பின் வாகு என்றுதான் பெரும்பாலான மருத்துவர்கள் அப்போது நம்பினர். பாஸ்டர் வேறு வழியில் யோசித்தார். திராட்சை மது புளிப்பதற்கும் பால் கெடுவதற்கும் நுண்ணுயிர்களே காரணம் என்று அவர் ஏற்கெனவே காட்டியிருந்தார். உணவை நுண்ணுயிர் கெடுக்கும் என்றால் உடம்பை ஏன் கெடுக்காது?

பட்டுப்புழு சொல்லிக்கொடுத்த பாடம்

1865இல் பிரான்சின் பட்டுத் தொழில் ஆட்டம் கண்டது. பட்டுப்புழுக்கள் மேலெல்லாம் கறுப்புப் புள்ளி வந்து செத்தன. பாஸ்டரின் பழைய ஆசிரியர் ஒருவர், போய்ப் பாருங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். பட்டுப்புழுவை அதுவரை தொட்டதே இல்லாத பாஸ்டர் தெற்கே அலேஸ் என்ற ஊருக்குப் போனார். சில ஆண்டுகள் அந்த வேலையே.

தீர்வு மருந்தில் இல்லை. முட்டையிட்ட அந்துப்பூச்சியை நுண்பெருக்கியில் பரிசோதிக்க வேண்டும். அதில் நோய்க்கிருமி இருந்தால் அதன் முட்டைகளை அழித்துவிட வேண்டும். நல்ல முட்டைகளை மட்டும் தனியே வளர்க்க வேண்டும்.

சோதனை செய், நோயுள்ளதை அழி, நல்லதைப் பிரித்து வை. இன்று ஒரு பண்ணையில் பறவைக் காய்ச்சல் வந்தால் அதிகாரிகள் செய்வதும் ஏறக்குறைய இதேதான்!

இதற்கு நடுவே 1868 அக்டோபரில் பாஸ்டரைப் பக்கவாதம் தாக்கியது. வயது 45. இடது கையும் காலும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு நுணுக்கமான கைவேலை பலவற்றை உதவியாளர்கள்தான் செய்தனர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோழிக் கதையில் இது முக்கியம்.

கோழிக்கு என்னாச்சு?

கோழிக் காலரா வந்த கோழியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இறக்கை தொங்கிப்போகும். இறகெல்லாம் சிலிர்த்து, கோழி ஒரு பந்து மாதிரி சுருண்டு உட்கார்ந்துவிடும். கண்ணைத் திறக்க முடியாத தூக்கம். பல கோழிகள் அந்தத் தூக்கத்திலேயே செத்துப்போகும். ஒன்றுக்கு வந்தால் சில நாளில் கொல்லையே காலி.

கிருமியை முதலில் கண்டவர் பாஸ்டர் அல்ல. இத்தாலியின் எட்வர்டோ பெரோன்சிட்டோ 1878இல் அதைப் பார்த்து எழுதினார். பிரான்சின் துலூஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆன்ரி துசேனும் அதை ஆராய்ந்தார். நோயால் இறந்த ஒரு சேவலின் தலையைப் பாஸ்டருக்கு அனுப்பி வைத்தவர் அவர்தான்.

அந்தக் கிருமியை வெளியே வளர்ப்பதுதான் சிக்கலாக இருந்தது. பாஸ்டர் கோழி இறைச்சியை வேகவைத்து எடுத்த சாற்றில் அதை விட்டுப் பார்த்தார். நன்றாக வளர்ந்தது! ஒரு துளி எடுத்து ரொட்டியில் விட்டுக் கோழிக்குக் கொடுத்தாலே போதும், கோழி செத்தது.

நோய் எப்படிப் பரவுகிறது என்பதும் அதில் தெளிவானது. நோயுற்ற கோழியின் எச்சத்தில் கிருமி இருக்கிறது. எச்சம் தீவனத்தில், தண்ணீரில், மண்ணில் கலக்கிறது. மற்றக் கோழிகள் அதைக் கொத்தித் தின்கின்றன. கொல்லை காலியாவதன் ரகசியம் அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பாஸ்டர் கவனித்தார். அதே கிருமியைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினால் பெரும்பாலும் அவை சாகவில்லை. ஊசி போட்ட இடத்தில் ஒரு சீழ்க்கட்டி, அவ்வளவுதான். நன்றாகத் தின்றன, ஓடின. ஆனால் அந்தச் சீழில் கொடிய கிருமி அப்படியே இருந்தது. அது வெளியே கசிந்தால் பக்கத்தில் உள்ள கோழி செத்துவிடும்.

பார்க்க நல்லா இருக்கிற விலங்கும் நோயைச் சுமக்கலாம். பறவைக் காய்ச்சலைப் புரிந்துகொள்ள இதுதான் அடிப்படை. இதற்குக் கடைசியில் திரும்ப வருவோம்.

பழைய சாறு, பிழைத்த கோழி

பள்ளிப் புத்தகங்களில் வரும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1879 கோடையில் எல்லாரும் விடுமுறைக்குப் போனார்கள். கிருமி வளர்த்த சாறு ஆய்வுக்கூடத்தில் அப்படியே கிடந்தது. திரும்பி வந்து அதைக் கோழிகளுக்குச் செலுத்தினார்கள். கோழிகள் லேசாக வாடின, சாகவில்லை. பிறகு புதிய, கொடிய கிருமியைச் செலுத்தினார்கள். புதிதாக வாங்கிய கோழிகள் செத்தன. பழைய சாறு பெற்ற கோழிகள் பிழைத்தன!

நல்ல கதைதான். ஆனால் முழுக்க அப்படியேதான் நடந்ததா?

பாஸ்டர் தம் ஆய்வுக் குறிப்பேடுகளை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் சொல்லியிருந்தார். 1964இல் அவர் பேரன் அவற்றைப் பிரான்சின் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார். பிறகு வரலாற்று ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டிப் பார்த்தனர்.

ஒரு விடுமுறையும் ஓர் அதிர்ஷ்டமும் மட்டும் அதில் இல்லை. 1879 இலையுதிர் காலம் தொடங்கி 1880 குளிர்காலம் வரை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்த சோதனைகள் இருந்தன. அவற்றில் பெரும்பங்கு இளம் உதவியாளர் எமில் ரூ செய்தவை. பாஸ்டரின் இடது கைதான் சரியாக வேலை செய்யாதே! ஒருவர் பெயரில் நாம் படிக்கிற கண்டுபிடிப்புக்குப் பின்னால் பலரின் கைகள் இருந்தன.

1880 பிப்ரவரியில் பாஸ்டர் பாரிஸ் அறிவியல் கழகத்தில் முடிவை அறிவித்தார். வழிமுறையை மட்டும் சொல்லவில்லை. அக்டோபரில்தான் சொன்னார்: கிருமிச் சாற்றை நீண்ட நாள் காற்றுப்பட வைத்தால் அதன் வீரியம் குறையும், காற்றுப்புகாமல் மூடி வைத்தால் குறையாது. காற்றில் உள்ள ஆக்ஸிஜனே காரணம் என்றார்.

இதில் என்ன பெரிய புதுமை? 1796இல் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்தார். ஆனால் அது இயற்கையாகக் கிடைத்த இன்னொரு நோய். எல்லா நோய்க்கும் அப்படி ஒரு 'பசு' கிடைக்காது. பாஸ்டரோ, கொல்லும் கிருமியையே பலவீனமாக்கிக் காக்கும் பொருளாக மாற்றினார். அப்படியென்றால் மற்ற நோய்களுக்கும் செய்யலாமே!

ஜென்னரை மதிக்கும் விதமாக, இப்படிச் செய்யும் எல்லாவற்றையும் 'வேக்சினேஷன்' என்றே அழைப்போம் என்று 1881இல் லண்டன் மாநாட்டில் அவர் முன்மொழிந்தார். லத்தீன் மொழியில் 'வாக்கா' என்றால் பசு. கோழிக்குப் போட்டாலும் பெயர் பசுவுடையது.

கோழியின் உடம்பில் என்ன நடக்கிறது?

தடுப்பூசி ஏன் வேலை செய்கிறது என்று பாஸ்டர் சொன்ன விளக்கம் தவறு. ஆமாம், தவறுதான். முதலில் செலுத்திய கிருமி உடம்பில் உள்ள ஏதோ ஒரு சத்தைத் தின்று தீர்த்துவிடுகிறது, அடுத்து வரும் கிருமிக்குச் சாப்பாடு இல்லை என்று அவர் நினைத்தார்.

இன்று நமக்குத் தெரிந்தது வேறு. வீரியம் குறைந்த கிருமி உள்ளே போனதும் கோழியின் நோய் எதிர்ப்பு அமைப்பு அதை அடையாளம் காண்கிறது. அதைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்களை உருவாக்குகிறது. அந்த அடையாளத்தை நினைவிலும் வைத்துக்கொள்கிறது. நிஜக் கிருமி வரும்போது கோழியின் உடம்பு முன்பே தயாராக இருக்கிறது.

ஒரு கோழிக்கு அப்படி. ஒரு கூட்டத்துக்கு?

ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகள் இருக்கின்றன. தடுப்பூசி பெற்ற கோழிக்குள் கிருமி போனாலும் அது அதிகம் பெருகுவதில்லை. எச்சத்தில் குறைவாகவே வெளியேறுகிறது. பக்கத்துக் கோழியும் தயாராக இருந்தால் சங்கிலி அறுந்துவிடும். போதிய எண்ணிக்கையில் கோழிகள் பாதுகாப்புப் பெற்றால், விட்டுப்போன சிலவும் தப்பித்துக்கொள்ளும்.

இது எல்லாம் சரியாக நடந்தால்தான். பாஸ்டரின் கோழித் தடுப்பூசி அப்படி எப்போதும் நடந்துகொள்ளவில்லை. ஒரு தொகுதி வீரியம் குறைந்து பயனில்லாமல் போகும். இன்னொன்று வீரியம் மிஞ்சிக் கோழியையே கொன்றுவிடும். வழி சரி என்று நிரூபணமானது. பண்ணைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய மருந்தாக அது மாறவில்லை.

ரகசியமும் சண்டையும்

பாஸ்டர் எளிதில் விட்டுக்கொடுக்கும் மனிதர் இல்லை. 1880 அக்டோபரில் மருத்துவக் கழகத்தில் தடுப்பூசி பற்றிப் பெரிய வாக்குவாதம். ஏறக்குறைய 80 வயதான மருத்துவர் ஜூல் கெரேன், பாஸ்டர் பேச்சில் கொதித்துப்போய் அவரை நோக்கிப் பாய்ந்தார். மறுநாள் துவந்த யுத்தத்துக்கு அழைப்பும் அனுப்பினார்! நல்ல வேளையாக, அது பேச்சோடு முடிந்தது.

அதைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. சேவல் தலையை அனுப்பினாரே துசேன், அவர் 1880இல் ஆட்டு ஆந்த்ராக்ஸ் நோய்க்குத் தம் சொந்தத் தடுப்பூசியை அறிவித்தார். கிருமியைச் சூட்டாலும் ரசாயனத்தாலும் பலவீனமாக்குவது அவர் வழி.

1881 மே மாதம் புயி-லெ-ஃபோர் என்ற ஊர்ப் பண்ணையில் பாஸ்டர் குழுவினர் பொதுமக்கள் முன்னிலையில் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசிச் சோதனையைத் தொடங்கினர். 24 செம்மறியாடுகளுக்குத் தடுப்பூசி. அதே அளவு ஆடுகளுக்கு இல்லை. பிறகு எல்லாவற்றுக்கும் கொடிய கிருமி. ஜூன் 2ஆம் தேதி கூட்டம் கூடியபோது, தடுப்பூசி பெறாத ஆடுகள் செத்துக் கிடந்தன அல்லது செத்துக்கொண்டிருந்தன. பெற்றவை நின்றுகொண்டிருந்தன. பாஸ்டரின் புகழ் உலகமெங்கும் பரவியது.

அந்தத் தடுப்பூசியைத் தம் காற்று முறையில் செய்ததாகவே எல்லாரையும் எண்ண விட்டார் பாஸ்டர். குறிப்பேடுகள் வேறு சொல்கின்றன. உதவியாளர் ஷார்ல் ஷாம்பெர்லான் ரசாயனம் கொண்டு உருவாக்கிய தடுப்பூசியே அன்று பயன்பட்டது. அது துசேனின் வழிக்கு நெருக்கமானது. துசேன் உடல்நலம் குன்றி 1890இல், 43 வயதில் இறந்தார். அவருக்குரிய பெயர் அவர் இருந்தபோது முழுமையாகக் கிடைக்கவில்லை.

இதனால் தடுப்பூசி பொய் ஆகிவிடாது. அந்த ஆடுகள் உண்மையிலேயே பிழைத்தன. ஆனால் அறிவியலில் முடிவு மட்டும் போதாது, வந்த வழியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தடுப்பூசி மீது மக்கள் வைக்கும் நம்பிக்கை அதில்தான் நிற்கிறது.

1885 ஜூலை 6ஆம் தேதி வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டர் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டான். முயலின் முதுகுத்தண்டுத் திசுவைக் காயவைத்துக் கிருமியின் வீரியத்தைக் குறைக்கும் முறை அப்போது சோதனையில் இருந்தது. சிறுவனுக்கு அடுத்தடுத்து ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டான். கோழிகளிடம் தொடங்கிய எண்ணம் மனிதனிடம் வந்து சேர்ந்தது. 1888இல் பாரிசில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அதே வழியைப் பின்பற்றி 1907இல் தமிழ்நாட்டின் குன்னூரிலும் ஒரு பாஸ்டர் நிறுவனம் எழுந்தது.

கிருமியை வைத்து முயல் வேட்டை

பாஸ்டர் செய்தவற்றில் இன்று படித்தால் திக்கென்று இருக்கும் ஒன்று உண்டு.

1887இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம், பயிரை நாசம் செய்யும் முயல்களை ஒழிக்க வழி சொல்பவருக்கு 25,000 பவுண்டு பரிசு என்று அறிவித்தது. கோழிக் காலராக் கிருமி முயலையும் கொல்லும். அப்போ அதையே பரப்பிவிட்டால்? பாஸ்டர் யோசனை சொன்னார். மனைவியின் உறவினரான இளைஞர் ஆத்ரியன் லுவாரைச் சிட்னிக்கு அனுப்பி வைத்தார்.

சிட்னி துறைமுகத்தில் உள்ள ராட் தீவில் சோதனை நடந்தது. கிருமி கலந்த தீனியைத் தின்ற முயல்கள் செத்தன. ஆனால் ஒரு முயலிடமிருந்து இன்னொரு முயலுக்கு நோய் வேண்டிய அளவு பரவவில்லை. பறவைகளுக்கோ ஆபத்து. விசாரணைக் குழு திட்டத்தை நிராகரித்தது. பரிசும் இல்லை.

கோழியைக் காக்க வழி கண்டவரே, அந்த நோயை இன்னொரு கண்டத்துக்குக் கொண்டுபோகத் துணிந்தார். ஒரு கிருமி ஓர் இனத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தால், எல்லா இனத்திலும் அது எப்படி நடக்கும் என்று தெரிந்துவிடாது. எச்5என்1 விஷயத்திலும் உலகம் இதைத்தான் கற்றுக்கொண்டது.

பாஸ்டர் கண்ணில் படாத கிருமி

பெரோன்சிட்டோ 1878இல் இத்தாலியில் இன்னொரு கொடிய கோழி நோயையும் விவரித்திருந்தார். முதலில் பலர் அதைக் கோழிக் காலராவோடு போட்டுக் குழப்பிக்கொண்டனர். இரண்டிலும் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தனவே!

ஆனால் இந்த நோயின் கிருமி நுண்பெருக்கியில் தெரியவில்லை. கோழிச் சாற்றிலும் வளரவில்லை. பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் ஷாம்பெர்லான் 1884இல் பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் பீங்கான் வடிகட்டி ஒன்றைச் செய்தார். 1901இல் இத்தாலிய ஆய்வாளர்கள், நோயுற்ற கோழியின் திரவத்தை இதுபோன்ற நுண்ணிய வடிகட்டியில் விட்டனர். வடிகட்டிய பிறகும் அது கோழியைக் கொன்றது! பாக்டீரியாவைவிட மிகச் சிறியது ஏதோ ஒன்று: வைரஸ்.

அது இன்ஃப்ளுவென்ஸா வகை வைரஸ் என்று 1955இல்தான் தெரிந்தது. அதைத்தான் நாம் பறவைக் காய்ச்சல் என்கிறோம்.

எப்படிப் பரவுகிறது?

• காட்டு வாத்து போன்ற நீர்ப்பறவைகள் கிருமியைச் சுமந்து நெடுந்தூரம் பறக்கின்றன. பல சமயம் அவற்றுக்கு நோயின் அறிகுறியே தெரியாது. (கினிப் பன்றி நினைவிருக்கா?)

• எச்சம் வழியாகக் குளத்திலும் வயலிலும் பண்ணைத் தண்ணீரிலும் கிருமி சேர்கிறது.

• ஊழியரின் காலணி, லாரிச் சக்கரம், முட்டைத் தட்டு, கூண்டு வழியாக ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது.

• உயிர்க்கோழிச் சந்தையில் பல பண்ணைப் பறவைகள் ஒன்றாக இருப்பதால் எளிதாகக் கலக்கிறது.

1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 கோழிகளிடமிருந்து மனிதர்களுக்கு வந்தது. 18 பேர் பாதிக்கப்பட்டனர். 6 பேர் மாண்டனர். அந்த ஆண்டின் இறுதியில் ஹாங்காங் 10 லட்சத்துக்கும் அதிகமான கோழிகளை அழித்தது.

பாஸ்டர் நாட்டின் வாத்துகள்

அப்போ எல்லாக் கோழிக்கும் ஊசி போட்டுட வேண்டியதுதானே?

2021-22 பருவத்தில் பிரான்சில் 1,300க்கும் அதிகமான பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் பரவியது. 2 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டன. குறிப்பாகத் தென்மேற்குப் பகுதியின் வாத்துப் பண்ணைகள் நொடித்துப்போயின. வாத்துகள் நோய் தெரியும் முன்பே கிருமியை அதிகம் வெளியேற்றும்.

2023 அக்டோபரில் பிரான்ஸ் 250க்கு மேல் வாத்து வளர்க்கும் பண்ணைகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. பறவைக் காய்ச்சலுக்கு வீரியம் குறைந்த உயிருள்ள கிருமியைப் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை. அது வேறு கிருமியோடு கலந்து புது வடிவம் எடுத்துவிடலாம். செயலிழந்த கிருமி அல்லது கிருமியின் மேற்புறப் புரதம் போன்ற ஒரு பகுதியைக் கொண்டே தடுப்பூசி தயாராகிறது. அடுத்த பருவத்தில் பாதிக்கப்பட்ட பண்ணைகள் சுமார் 10 மட்டுமே. அந்தப் பருவத்தில் ஐரோப்பா முழுவதும் நோய் சற்றுக் குறைந்திருந்தது உண்மை. ஆனாலும் தடுப்பூசிக்குப் பெரும்பங்கு உண்டு. வாத்துகளை ஆராய்பவர்களில் துலூஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியினரும் இருக்கின்றனர். ஆம், துசேன் இருந்த அதே கல்லூரி.

இவ்வளவு நல்லதுன்னா மற்ற நாடுகள் ஏன் தயங்குகின்றன?

கினிப் பன்றிதான் காரணம். தடுப்பூசி பெற்ற பறவை சாகாது. ஆனால் கிருமி அதற்குள் கொஞ்சம் இருந்துவிட்டால்? நோய் வந்தது கண்ணுக்கே தெரியாமல் மெதுவாகப் பரவலாம். முன்பெல்லாம் கோழி செத்தது. எச்சரிக்கை மணி அடித்தது. இப்போது மணி அடிக்காமல் போகலாம். அந்த அச்சத்தால்தான் பிரான்ஸ் தடுப்பூசி தொடங்கியதும் அமெரிக்கா அதன் பறவைப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது.

அதற்கும் வழி உண்டு. தடுப்பூசி பெற்ற பண்ணைகளில் தொடர்ந்து மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். சில பறவைகளுக்கு மட்டும் ஊசி போடாமல் கூட்டத்தில் விடலாம். அவை காவலர்கள் போல. அவற்றுக்கு நோய் வந்தால் கிருமி உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். 2003 முதல் தன் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்ட ஹாங்காங், இந்த முறையைக் கையாண்டது. கிருமி அடிக்கடி உருமாறுவதால் தடுப்பூசியையும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

ஆகவே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை: தடுப்பூசி உதவும், ரொம்பவே உதவும். ஆனால் அது மட்டும் போதாது. கோழிச் சாற்றில் கிடைத்த தடுப்பூசியோடு, பட்டுப்புழுவிடம் கற்ற சோதனையும் பிரித்து வைத்தலும் சேர வேண்டும். இரண்டையும் கண்டவர் ஒரே மனிதர்.

லூயி பாஸ்டர் 1895 செப்டம்பர் 28ஆம் தேதி, பாரிசுக்கு வெளியே நாய்களை வைத்து ஆய்வு நடத்திய வளாகத்தில் இறந்தார். வயது 72. உடல் பாஸ்டர் நிறுவனத்தின் அடித்தளத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த அறையின் சுவரிலும் கூரையிலும் வண்ணக்கல் பதித்து அவர் வாழ்க்கைப் பணியைச் சித்திரிக்கிறார்கள். திராட்சை, பட்டுப்புழுவுக்கான முசுக்கொட்டை இலை, செம்மறியாடு, நாய் எல்லாம் அதில் உண்டு.

கோழிகளும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் செத்தவையும் பிழைத்தவையும் எத்தனையோ. அவற்றுக்கு வேறு நினைவுச் சின்னம் இல்லை.

அடுத்த முறை பறவைக் காய்ச்சல் செய்தி வரும்போது, விலை ஏறுமா என்பதோடு இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள்: அந்தப் பண்ணையில் யாராவது சோதித்துக்கொண்டே இருக்கிறார்களா?